கோட்டில் தொடங்கிய கோப்பு

சர்வரில் ஒரு கோப்பு இருந்தது. பெயர் "-ஃபைனல்.சிஎஸ்வி". தினமும் ஓடும் எக்ஸ்போர்ட் ஸ்கிரிப்டில் தேதி வர வேண்டிய இடம் அன்றைக்குக் காலியாகிவிட்டது. தேதிக்கும் பெயருக்கும் நடுவில் நிற்க வேண்டிய கோடு பெயரின் முதல் எழுத்தாகிவிட்டது. புதிதாகச் சேர்ந்திருந்த ஜூனியரிடம் அதை அழிக்கச் சொன்னேன். பத்து நிமிடம் கழித்து வந்து நின்றார். "அண்ணா, அது அழியவே மாட்டேங்குது."

கோப்பை அழிக்கும் கட்டளையான ஆர்எம் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, கோப்பின் பெயரைக் கொடுத்திருக்கிறார். ஆர்எம் அதைப் பெயராகவே எடுத்துக்கொள்ளவில்லை. கோட்டைப் பார்த்ததும், பின்னால் வரும் ஒவ்வோர் எழுத்தும் ஓர் ஆப்ஷன், அதாவது எப்படி வேலை செய்ய வேண்டும் என்ற குறிப்பு, என்று வாசிக்கத் தொடங்கிவிட்டது. முதலில் எஃப்: சரி, கேள்வி கேட்காமல் அழிக்க வேண்டும். அடுத்து ஐ: சரி, கேட்டுக் கேட்டு அழிக்க வேண்டும். மூன்றாவதாக என். அப்படி ஓர் ஆப்ஷன் தன்னிடம் இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது. ஜூனியர் விடவில்லை. பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுப் பார்த்தார், முன்னால் பேக்ஸ்லாஷ் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அதே பதில்.

மேற்கோள் குறி ஏன் உதவவில்லை என்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. நாம் டைப் செய்யும் வரியை முதலில் படிப்பது ஷெல், அதாவது கட்டளையை வாங்கி மற்ற நிரல்களை ஓட்டும் நிரல். மேற்கோள், பேக்ஸ்லாஷ், நட்சத்திரக்குறி எல்லாம் ஷெல்லுக்காகப் போடுபவை. அது படித்து முடித்ததும் அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, வரியைத் துண்டு துண்டாக வெட்டி நிரலிடம் கொடுக்கிறது. நிரலின் கைக்குப் போய்ச் சேருவது வெறும் எழுத்துச்சரங்களின் வரிசை மட்டுமே. எது பெயர், எது ஆப்ஷன் என்ற அடையாளம் எதிலும் ஒட்டியிருக்காது. இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கும் அந்த வேறுபாடு தெரியாது. கோட்டில் தொடங்கினால் ஆப்ஷன் என்பது நிரல் எழுதுபவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஒப்பந்தம், அவ்வளவுதான். கட்டளைவரியில் நாம் விதி என்று நினைக்கும் பெரும்பாலானவை இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள்தான். சில ஒப்பந்தங்களுக்கு நல்ல காரணம் உண்டு. சிலவற்றுக்கு "அன்றைக்கு அப்படி எழுதிவிட்டார்கள்" என்பதைத் தாண்டி எதுவும் கிடையாது.

கோப்பை அழிக்க இரண்டு வழிகள். பெயருக்கு முன்னால் "./" சேர்த்தால் முதல் எழுத்து கோடாக இருக்காது, சிக்கல் முடிந்தது. இல்லையென்றால் பெயருக்கு முன்னால் தனியாக இரட்டைக் கோடு "--" போட வேண்டும். இதோடு ஆப்ஷன்கள் முடிந்தன, இனி வருவதெல்லாம் பெயர்தான் என்று அதற்குப் பொருள். வேடிக்கை என்னவென்றால், லினக்ஸில் இருக்கும், குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் ஆர்எம் அந்தப் பிழைச்செய்தியின் இரண்டாவது வரியிலேயே "./ போட்டு இப்படி அழித்துப் பாருங்கள்" என்று முழுக் கட்டளையையும் எழுதிக் காட்டுகிறது. பிழைச்செய்தியின் இரண்டாவது வரியை யார் படிக்கிறார்கள்?

இதே சிக்கலுக்கு மோசமான வடிவம் ஒன்று உண்டு. ஒரு கோப்புறையில் "-ஆர்எஃப்" என்ற பெயரில் கோப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நின்று "ஆர்எம் *" என்று அடித்தால் சாதாரணமாக உள்ளே இருக்கும் துணைக் கோப்புறைகளுக்கு எதுவும் ஆகாது, கோப்புகள் மட்டும் போகும். ஆனால் நட்சத்திரத்தை விரிப்பது ஷெல். விரித்த பட்டியலில் "-ஆர்எஃப்" என்பதும் ஒரு சரமாகப் போய் நிற்கும். ஆர்எம் அதை ஆப்ஷனாக எடுத்துக்கொண்டு கோப்புறைகளையும் சேர்த்து வழித்துவிடும். எல்லாம் போன பிறகு அந்த இடத்தில் மிஞ்சி நிற்பது "-ஆர்எஃப்" என்ற அந்த ஒரு கோப்புதான். அதை மட்டும் யாரும் அழிக்கச் சொல்லவில்லையே.

இந்தக் கோடு எங்கிருந்து வந்தது? நம் ஆபீஸ்களில் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கமாண்டைப் போனில் சொல்லும்போது "எல்எஸ் மைனஸ் எல்" என்போம். கழித்தலுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸை எழுதிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் அதற்கு முன்னால் மல்டிக்ஸ் என்ற பெரிய இயங்குதளத் திட்டத்தில் வேலை பார்த்தவர்கள். 1969-ல் அவர்கள் வேலை பார்த்த பெல் லேப்ஸ் ஆய்வகம் அதிலிருந்து விலகிக்கொண்டது. மல்டிக்ஸில் கட்டளைகளுக்கான கூடுதல் சொற்கள் கோட்டில் தொடங்கும். "-லாங்" என்று முழுச்சொல்லாக எழுதலாம், "-எல்ஜி" என்று சுருக்கியும் எழுதலாம். யுனிக்ஸ் கோட்டை வைத்துக்கொண்டு சொல்லை ஓர் எழுத்தாகக் குறைத்துவிட்டது. காரணம் சிக்கனம். அன்றைய டெர்மினல் என்பது டெலிடைப், அதாவது காகிதத்தில் அடிக்கும் தட்டச்சு இயந்திரம். பரவலாக இருந்த மாடல் 33 நொடிக்கு 10 எழுத்துகள்தான் அடிக்கும். விசைகளும் கடினம், விரல் வலிக்கும். அப்படி ஓர் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தால் நாமும் ஓர் எழுத்தோடு நிறுத்தியிருப்போம்.

1971 நவம்பரில் வெளிவந்த முதல் யுனிக்ஸ் கையேட்டில் எல்எஸ் கட்டளைக்கு ஐந்தே ஆப்ஷன்கள்: எல், டி, ஏ, எஸ், டி. தமிழில் எழுதினால் இரண்டு "டி"யும் ஒன்றுபோல இருக்கிறது. ஒன்று நேரப்படி வரிசைப்படுத்துவதற்கு, இன்னொன்று கோப்புறையின் பெயரை மட்டும் காட்டுவதற்கு. இன்றைய குனு எல்எஸ் ஆங்கிலச் சிறிய எழுத்து 26-ல் 22-ஐத் தின்றுவிட்டது. அது போதாமல் பெரிய எழுத்துகளிலும் பாதிக்கு மேல் எடுத்தாயிற்று, "1" என்ற இலக்கம்கூட ஓர் ஆப்ஷன். ஒரு சின்னக் கருவி எப்படி வீங்கிப்போகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இந்தப் புலம்பல் ஒன்றும் புதிதில்லை. 1983-ல் நடந்த யூஸ்நிக்ஸ் மாநாட்டில் பெல் லேப்ஸைச் சேர்ந்த ராப் பைக், கோப்புகளை ஒட்டிக் காட்டுவதற்காகப் பிறந்த கேட் கட்டளைக்கு, கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைக் காட்டும் "-வி" எதற்கு என்று கேட்டு ஓர் உரையே நிகழ்த்தினார். வாதம் சரிதான். "-வி" இன்றும் அங்கேயேதான் இருக்கிறது.

இன்னொரு பக்கம், விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸ். டெக் நிறுவனத்தின் இயந்திரங்களில் ஆப்ஷனுக்குச் சாய்கோடு போடும் வழக்கம் இருந்தது. 1981-ல் ஐபிஎம் பிசியோடு வந்த டாஸும் அதே வழியில் போனது. அப்போது டாஸில் கோப்புறை என்ற ஒன்றே இல்லை, ஒரு ஃபிளாப்பியில் இருப்பதெல்லாம் ஒரே பட்டியல். எனவே சாய்கோடு ஆப்ஷனுக்குப் போனதில் யாருக்கும் நஷ்டமில்லை. 1983-ல் டாஸ் 2.0 வந்தபோது கோப்புறைகள் வந்தன. யுனிக்ஸைப் போலப் பாதையைச் சாய்கோட்டால் பிரிக்கலாம் என்றால் அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறார். சாய்கோட்டைத் திருப்பிப் போட்டுப் பேக்ஸ்லாஷ் ஆக்கிக்கொண்டார்கள். இன்றும் விண்டோஸில் "சி:\" என்று எழுதுகிறோம் என்றால் அது ஆப்ஷன் குறி ஒன்றை முன்கூட்டியே தேர்ந்ததன் விளைவு. ஓர் ஆப்ஷன் முடிவு இவ்வளவு தூரம் வந்து கடித்தது வேறெங்கும் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

யுனிக்ஸுக்குள்ளேயே எல்லாரும் ஒரே பாட்டைப் பாடவில்லை. தரவை நகலெடுக்கும் டிடி என்ற கட்டளை "ஐஎஃப்=", "ஓஎஃப்=" என்று சமக்குறி போட்டு எழுதச் சொல்கிறது. அது ஐபிஎம் பெரிய கணினிகளின் வேலைக் குறிப்பு மொழியிலிருந்து வந்த ஒட்டுச்செடி. பல கோப்புகளை ஒரே கோப்பாகக் கட்டும், 1979-ல் வந்த டார், கோடே இல்லாமல் எழுத்துக்கொத்தாக வாங்கிக்கொள்ளும். கோடு போட்டும் கொடுக்கலாம், ஆனால் இரண்டும் ஒன்று கிடையாது. "டார் சிஎஃப்வி பேக்கப்.டார் ஃபோட்டோஸ்" என்று கோடில்லாமல் அடித்தால் ஒரு தொந்தரவும் இல்லை. கோடு போட்டு "-சிஎஃப்வி" என்று அடித்தால், எஃப் என்பது பெயர் கேட்கும் ஆப்ஷன் என்பதால் ஒட்டி நிற்கும் வி-யையே பெயராக எடுத்துக்கொள்ளும். "வி" என்ற பெயரில் அந்தக் கட்டுக்கோப்பு உருவாகும். "பேக்கப்.டார் என்று ஒரு கோப்பைச் சேர்க்கச் சொன்னீர்களே, அது எங்கே?" என்று வேறு கேட்கும். எஃப்-ஐக் கடைசியில் வை என்று சீனியர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். பலர் காரணம் தெரியாமலே மந்திரம்போல அதைக் கடைப்பிடிக்கிறார்கள், தப்பில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை (புரோசஸ்களை) பட்டியலிடும் பிஎஸ் கதை இன்னும் வேடிக்கை. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யுனிக்ஸ் (பிஎஸ்டி) வழி வந்தவர்கள் "பிஎஸ் ஏயுஎக்ஸ்" என்று கோடின்றி எழுதுவார்கள். கோடு போட்டு "-ஏயுஎக்ஸ்" என்றால், போசிக்ஸ் என்ற யுனிக்ஸ் தரத்தின்படி அதற்கு "எக்ஸ் என்ற பயனருடைய புரோசஸ்களைக் காட்டு" என்று பொருள். லினக்ஸில் இருக்கும் பிஎஸ் முதலில் எக்ஸ் என்று யாராவது இருக்கிறாரா என்று பார்க்கும். இல்லையென்றால், சரி, பாவம், இவர் பழைய வடிவத்தைத்தான் சொல்கிறார் என்று ஊகித்துக்கொள்ளலாம் என அதன் கையேடே சொல்கிறது. அதாவது உங்கள் சர்வரில் எக்ஸ் என்று ஒருவருக்குக் கணக்குத் தொடங்கினால் சில பழைய ஸ்கிரிப்ட்கள் வேறு பதில் சொல்ல ஆரம்பித்துவிடும்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு முடிவு கட்டத்தான் கெட்ஆப்ட் வந்தது. ஆப்ஷன்களைப் பிரித்துக் கொடுக்கும் சின்ன நிரல்துண்டு அது. ஏடி அண்ட் டி 1985-ல் டல்லாஸில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில் அதன் மூலநிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்துவிட்டது. ஆளுக்கொரு விதமாகப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே நிரல்துண்டைப் பயன்படுத்தத் தொடங்கியதும் பழக்கம் தானாக ஒன்றானது. விதிப்புத்தகத்தைவிட இலவசமாகக் கிடைத்த நிரல்தான் அதிகம் சாதித்தது என்று நினைக்கிறேன். அப்புறம் போசிக்ஸ் தரம் அதை எழுத்தில் வைத்தது. ஆப்ஷன் ஓர் எழுத்தாக இருக்க வேண்டும். மதிப்பு வாங்காத ஆப்ஷன்களை ஒரே கோட்டின் பின்னால் கோக்கலாம். ஆப்ஷன்கள் முதலில், பெயர்கள் பிறகு. இரட்டைக் கோடு வந்தால் ஆப்ஷன் முடிந்தது. தனிக் கோடு என்றால் கோப்புக்குப் பதிலாகக் குழாய் வழியே வருவதைப் படி.

அதில் ஒரு விதியைத்தான் நான் மிக அதிகமாக மதிக்கிறேன். ஓர் ஆப்ஷன் மதிப்பு வாங்கும் என்றால் கட்டாயம் வாங்க வேண்டும், கொடுத்தாலும் சரி கொடுக்காவிட்டாலும் சரி என்று இருக்கக்கூடாது. கேட்கும்போது அற்ப விஷயமாகத் தெரியும். மேக்கையும் லினக்ஸையும் மாறி மாறிப் பயன்படுத்துபவர்களிடம் கேளுங்கள். உரையைத் திருத்தும் செட் கட்டளையின் "-ஐ" கோப்பை இருந்த இடத்திலேயே திருத்தும். பழைய பிரதி வேண்டுமென்றால் அதற்கு ஒரு பின்னொட்டும் கொடுக்கலாம். லினக்ஸில் அந்தப் பின்னொட்டு விருப்பம்தான், கொடுப்பதாக இருந்தால் ஐ-யோடு ஒட்டி எழுத வேண்டும். மேக்கில் இருக்கும் பிஎஸ்டி செட்டுக்கு அது கட்டாயம். பிரதி வேண்டாம் என்றாலும் காலி மேற்கோளையாவது கொடுத்தாக வேண்டும்.

விளைவைப் பாருங்கள். லினக்ஸில் எழுதிய ஸ்கிரிப்டை மேக்கில் ஓட்டினால், திருத்தக் கட்டளையையே பின்னொட்டு என்று எடுத்துக்கொண்டு, கோப்பின் பெயரைத் திருத்தக் கட்டளையாக வாசித்துவிட்டுப் புரியவில்லை என்கிறது. மேக்கில் எழுதியதை லினக்ஸில் ஓட்டினால் காலி மேற்கோள்தான் கட்டளை, உண்மையான கட்டளை கோப்பின் பெயர். அப்படி ஒரு கோப்பு இல்லை என்கிறது. இரண்டும் பிழை சொல்லி நிற்பதால் பரவாயில்லை. "-ஐ -இ" என்று எழுதினால்தான் கெட்டது. லினக்ஸில் சரியாக ஓடும். மேக்கிலும் ஓடும், திருத்தமும் நடக்கும். ஆனால் "-இ" என்பதைப் பின்னொட்டாக எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கோப்புக்கும் வாலில் "-இ" ஒட்டிய ஒரு பிரதியை உருவாக்கிவிடும். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் களஞ்சியம் ஒன்றில் இப்படிப் பெயர்கொண்ட நாற்பது கோப்புகள் குவிந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். எங்கிருந்து வந்தன என்று கண்டுபிடிக்க ஒரு மதியம் போனது.

தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்லின் "-பி"யும் இதே வகை. கடவுச்சொல்லை ஒட்டி எழுதினால் கடவுச்சொல். இடைவெளி விட்டு எழுதினால் அது தரவுத்தளத்தின் பெயராகிவிடும், கடவுச்சொல்லைத் தனியாகக் கேட்கும். போகட்டும், கடவுச்சொல்லைக் கட்டளைவரியில் எழுதுவதே தப்பு. அது ஷெல் வரலாற்றில் தங்கிவிடும், புரோசஸ் பட்டியலிலும் எட்டிப் பார்க்கலாம்.

ஓர் எழுத்து ஆப்ஷன்களின் இன்னொரு தொல்லை, எழுத்துகள் தீர்ந்துபோவது. "-வி" என்றால் ஓரிடத்தில் விவரமாகச் சொல், இன்னோரிடத்தில் பதிப்பு எண், வரிகளைத் தேடும் கிரெப்பில் பொருந்தாத வரிகளைக் காட்டு. "-எச்" என்றால் உதவி என்று நினைத்து எல்எஸ்ஸில் அடித்தால், உதவி வராது. கோப்பின் அளவுகளை மனிதர் வாசிக்கும்படி காட்டுவதற்கான எழுத்து அது. தொலைவில் இருக்கும் கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச்சில் போர்ட் எண்ணுக்குச் சின்ன பி, அங்கே கோப்பை நகலெடுக்கும் எஸ்சிபியில் பெரிய பி. நேரமும் அனுமதியும் மாறாமல் நகலெடுப்பதற்குச் சின்ன பி ஏற்கெனவே போய்விட்டதால் வந்த நிலைமை. நான் இருபது வருடமாக இதைத் தப்பாக அடித்துக்கொண்டிருக்கிறேன்.

குனு திட்டம் இதற்கு முழுச்சொல்லைக் கொண்டுவந்தது. ஆரம்பத்தில் அதற்குக் கூட்டல் குறியைத்தான் பயன்படுத்தினார்கள், போசிக்ஸோடு உரசியதால் இரட்டைக் கோட்டுக்கு மாறினார்கள். ஒற்றைக் கோட்டோடு முழுச்சொல் ஏன் கூடாது? "-ஹெல்ப்" என்று எழுதினால், எழுத்துகளைக் கோக்கலாம் என்ற பழைய விதிப்படி அது நான்கு தனி ஆப்ஷன்கள். ஃபைண்ட், ஜாவா போன்றவை கோப்பதையே விட்டுவிட்டு ஒற்றைக் கோட்டோடு முழுச்சொல் எழுதுகின்றன. கோ மொழியின் ஃபிளாக் நூலகமும் அதே பக்கம்தான். எந்த நிரலிலும் "--ஹெல்ப்", "--வெர்ஷன்" இரண்டும் இருக்க வேண்டும் என்ற குனுவின் விதிதான் இன்றைக்கு எல்லாரும் கேள்வி கேட்காமல் பின்பற்றுவது. முகம் தெரியாத கருவி கைக்கு வந்தால் முதலில் அடிப்பது அதைத்தான்.

குனு செய்த இரண்டு தாராளங்களில் எனக்கு உடன்பாடில்லை. ஒன்று, ஆப்ஷனைப் பெயருக்குப் பின்னாலும் எழுதலாம். லினக்ஸில் இது கைக்குப் பழகிவிட்டு, மேக்கில் போய் "-எல்" என்ற கோப்பு இல்லை என்று வாங்கிக் கட்டிக்கொள்கிறோம். இரண்டு, முழுச்சொல்லை முழுதாக எழுத வேண்டாம், வேறொன்றோடு குழம்பாத அளவுக்கு முன்பகுதி போதும். ஒரு கருவியில் "--ரிமோட்" என்று ஓர் ஆப்ஷன் இருக்கிறது, யாரோ ஒருவர் ஸ்கிரிப்டில் "--ரிமோ" என்று சுருக்கி எழுதிவிடுகிறார். அடுத்த பதிப்பில் "--ரிமூவ்" என்று ஒன்று சேர்கிறது. ஆங்கில எழுத்தில் இரண்டுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றுதான், பழைய ஸ்கிரிப்ட் நின்றுவிடும். புதிதாக ஒன்றைச் சேர்ப்பது யாரையும் பாதிக்காது என்ற நம்பிக்கையை இந்த வசதி உடைக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் எரிச்சல்தான். ஆனால் பெயரும் ஆப்ஷனும் ஒரே வாசல் வழியாக வருவது பூட்டையே திறந்துவிட்ட சம்பவங்களும் உண்டு. லாகின் நிரலுக்கு "-எஃப்" என்று ஓர் ஆப்ஷன் இருந்தது. இவரை நான் ஏற்கெனவே சரிபார்த்துவிட்டேன், கடவுச்சொல் கேட்காதே என்று வேறொரு நிரல் அதனிடம் சொல்வதற்காக. வெளியிலிருந்து ஒருவர் ஆர்லாகின் என்ற தொலை நுழைவு வசதி வழியாக இணைந்து, பயனர் பெயராக "-எஃப்ரூட்" என்று கொடுத்தால்? அந்தப் பெயர் அப்படியே லாகினுக்குப் போகும். லாகின் அதைப் பெயராகப் பார்க்காது, கடவுச்சொல் இல்லாமல், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரை உள்ளே விடும்படி வந்த உத்தரவாகப் பார்க்கும். ஐபிஎம்மின் யுனிக்ஸான ஏஐஎக்ஸில் இப்படி ஓர் ஓட்டை இருப்பதாக 1994-ல் எச்சரிக்கை வந்தது. சரி, பாடம் கற்றாயிற்று என்று நினைத்தால், 2007-ல் இன்னொரு யுனிக்ஸான சோலாரிஸ் 10-இன் டெல்நெட் நுழைவு வசதியில் அச்சு அசலாக அதே ஓட்டை. 2017-ல் கிட்டின் முறை. களஞ்சிய முகவரியில் சர்வர் பெயர் வர வேண்டிய இடத்தில் கோட்டில் தொடங்கும் சரம் ஒன்றை வைத்தால், அது எஸ்எஸ்எச்சுக்கு ஆப்ஷனாகப் போய், தாக்குபவர் சொல்லும் கட்டளையை உங்கள் கணினியில் ஓட்டிவிடும். கிட் போன்ற கருவிகளான மெர்குரியலும் சப்வெர்ஷனும் அதே வாரத்தில் அதே ஓட்டையை அடைத்தன. எல்லாவற்றிலும் தப்பு ஒன்றுதான். வெளியார் கொடுத்த சரத்தை, முதல் எழுத்து என்ன என்று பார்க்காமல், இன்னொரு நிரலின் கையில் கொடுத்தார்கள்.

ஒரு கருவிக்கு ஆப்ஷன் வைக்கும்போது நான் முதலில் பார்ப்பது எது ஆபத்தானது என்பதைத்தான். கோப்புகளைக் கூண்டோடு அழிக்கும் கிட் கிளீன், "-எஃப்" கொடுக்காமல் வேலையைத் தொடங்காது, "-என்" கொடுத்தால் எதை அழிக்கப்போகிறது என்று மட்டும் காட்டும். நல்ல ஏற்பாடு. ஒரே குறை, "-எஃப்" அடிக்க இரண்டு விசை போதும், நாளடைவில் விரல் தானாக அடித்துவிடும். நான் எழுதும் அழிப்பு ஸ்கிரிப்ட்களில் ஆப்ஷன் எதுவும் இல்லாவிட்டால் பட்டியல் மட்டும்தான் வரும். நிஜமாக அழிக்க "--அப்ளை" என்று முழுதாக அடிக்க வேண்டும். அதற்குச் சுருக்க எழுத்து வேண்டும் என்று இரண்டு பேர் கேட்டார்கள். கொடுக்கவில்லை.

அந்த எக்ஸ்போர்ட் ஸ்கிரிப்டைத் தேதி காலியாக இருந்தால் அங்கேயே நிற்கும்படி திருத்தினோம். கையோடு, பெயரை மாறியில் வாங்கி அழிக்கும் இடங்களிலெல்லாம் பெயருக்கு முன்னால் இரட்டைக் கோடு போடச் சொன்னேன். ஜூனியர் தேடிப் பார்த்துவிட்டு வந்து, மொத்தம் 11 இடம் என்றார். அதில் ஏழு நான் எழுதியவை.